கத்திரி வைக்கும் முன்

மார்ச் 3

அக்காவுக்கு,

"அன்புள்ள"ன்னு போடலை. வேணும்னேதான் போடலை.

போன வாரம் மூணு தடவை போன் அடிச்சே. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், எடுக்கலை. எடுத்தா நீ என் பேச்சை நடுவுல வெட்டுவே. கடைசியில தப்பு பூரா என் மேலன்னு முடியும். நாப்பத்திரெண்டு வருஷமா அப்படித்தான் முடியுது. கடுதாசியில குறுக்கே பேச முடியாது பாரு, அதனால கடுதாசி.

உன் கட்டுரையை என் மக கம்ப்யூட்டர்ல எடுத்து, வரி வரியா தமிழ்ல சொன்னா. பதினேழாம் பக்கத்துல ஒரு போட்டோ. "தைக்கக் கொடுத்த துணி திரும்பத் தரப்படாது"ன்னு போர்டு. அதுக்குக் கீழே ஸ்டூல்ல உக்காந்து, டீயில விழுந்த பிஸ்கட்டை ரெண்டு விரலால தேடிக்கிட்டு ஒரு ஆளு. யாரு அது? சாட்சாத் நான்தான். போட்டோவுக்கு அடியில என்ன எழுதியிருக்கே? "வாங்குபவரின் மனமாற்றத்துக்கு இடமே தராத வணிக மரபுக்கு ஓர் எடுத்துக்காட்டு."

வேலியே பயிரை மேஞ்ச கதையா இருக்கு. நாப்பத்தாறு வயசுல, சட்டக் கல்லூரி வாத்தியார் வேலையை உதறிட்டு, ஐரோப்பாக்காரன் சட்டத்தையும் நம்ம சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து டாக்டர் பட்டம் வாங்கப் போறேன்னு நீ பெட்டி கட்டினப்போ வீடே எதிர்த்துச்சு. "போயிட்டு வா, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னது யாரு? இந்த டீ பிஸ்கட் ஆளுதான்.

என் கடையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? ஒருநாள் என்கிட்ட ஒரு துணி தைச்சிருக்கியா? கோட்டுக் கடைக்காரனுக்கு அக்காவா இருந்துக்கிட்டு வாழ்நாள் பூரா ரெடிமேட் போட்டவ நீ. அதையெல்லாம் நான் மனசுல வச்சுக்கலை. ஆனா வச்சுக்கிட்டிருக்கேன்.

தம்பி

~

மார்ச் 14

அன்புள்ள தம்பி (நான் போடுவேன்),

முதல்ல மன்னிப்பு. போட்டோவுக்கு உன்கிட்ட கேட்டிருக்கணும். பிஸ்கட் விஷயம் சத்தியமா கவனிக்கலை. நீ சொன்னப்புறம் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஆமாம், விரல் உள்ளே இருக்கு. சிரிச்சேன். அதுக்கும் மன்னிப்பு.

ஆனா வாதம் தப்பில்லை. இங்க சட்டம் இதுதான்: கடைக்கு நேர்ல போகாம, இணையத்துலயோ போன்லயோ, இல்ல வியாபாரி உன் வீட்டுக்கு வந்தோ ஒரு பொருளை வித்தா, பதினாலு நாளைக்குள்ள காரணமே சொல்லாம "வேண்டாம்"னு திருப்பிடலாம். நீயும் பேங்கு, ஆஸ்பத்திரின்னு ஆளைத் தேடிப் போய்த்தானே அளவு எடுக்கிறே? கடையில நேர்ல வாங்கினா இங்கேயும் அந்த உரிமை கிடையாது. அதை அடிக்குறிப்புல தெளிவா சொல்லியிருக்கேன்.

இந்த உரிமைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. என் ஆராய்ச்சியே அதுல போய்த்தான் மாட்டிக்கிட்டு நிக்குது. அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன பொருளைத் திருப்ப முடியாது. ஒருத்தர் ஒரு பொருட்காட்சியில சமையலறை அலமாரிக்கு அளவு கொடுத்தார். அப்புறம் மனசு மாறி வேண்டாம்னார். கடைக்காரர் அதுவரைக்கும் ஒரு பலகை கூட அறுக்கலை. ஆனாலும் ஐரோப்பிய நீதிமன்றம் "முடியாது"ன்னுடுச்சு. காரணம் என்னன்னா, கடைக்காரர் எப்போ வேலையை ஆரம்பிப்பார்னு வாங்கினவருக்குத் தெரியாது. அதை நம்பி ஒரு உரிமை இருக்கக் கூடாது. சரியான காரணம்தான். ஆனா எனக்கு மனசு ஒப்பலை. ஏன்னு சொல்லவும் தெரியலை. ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதைச் சுத்தியே வந்திருக்கேன்.

என் வழிகாட்டி அம்மாவுக்கு நாங்க வச்ச பேர் "அடிக்குறிப்பு". அவங்க அந்த அத்தியாயத்தை நேத்து திருப்பிக் கொடுத்தாங்க. ஓரத்துல ஒரே வரி: "சட்டம் இருக்கிறது. ஆளைக் காணோம்." மூணு வருஷ உழைப்பு, தம்பி. ஜூலைக்குள்ள ஒப்படைக்கலைன்னா அவ்வளவுதான், இடம் போயிடும்.

சரி விடு, சிரிக்க ஒண்ணு. கடைசியில ஆய்வேட்டைப் பத்தி ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. எல்லாரும் கோட்டுப் போட்டுக்கிட்டுத்தான் வருவாங்க. இணையத்துல ஒண்ணு வாங்கினேன். கை என் விரலைத் தாண்டித் தொங்குச்சு. பன்னிரண்டாம் நாள் திருப்பி அனுப்பிட்டேன். ஆராய்ச்சியால எனக்குக் கிடைச்ச முதல் லாபம் அதுதான்.

அக்கா

~

மார்ச் 27

அக்கா,

அடிக்குறிப்பை எவ படிப்பா? உன் வழிகாட்டி அம்மாவைத் தவிர?

கோட்டு வாங்கினியா? இணையத்துலயா? உன் வாயால அதை என்கிட்டயே சொல்றே. என் வீட்டுக்காரி கடுதாசியைப் படிச்சுக்கிட்டே வந்தவ அந்த வரியில நிறுத்திட்டு, என் மூஞ்சியைப் பார்த்துட்டு, தண்ணி கொண்டு வரப் போயிட்டா.

இப்ப அந்த அலமாரி கேஸுக்கு வரேன். இவ்வளவு பெரிய கோர்ட்டு, இவ்வளவு படிச்ச நீ. கடைக்காரன் எப்போ ஆரம்பிப்பான்னு வாங்கினவனுக்குத் தெரியாதாம். ஏன் தெரியாது? கடைக்காரன் வாயில என்ன கொழுக்கட்டையா? பலகையில ரம்பத்தை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு "அறுக்கட்டுமா"ன்னு கேட்டா தெரிஞ்சுட்டுப் போகுது!

நான் கேக்குறேனே. இருபத்திரெண்டு வருஷமா கேக்குறேன். உனக்குத் தெரியாது, ஏன்னா நீ ரெடிமேட்.

தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒரு பேங்க் அதிகாரி கல்யாண நாளுக்குன்னு சாம்பல் கலர்ல கோட்டுக்கு அளவு கொடுத்தார். நான் அன்னிக்கே வெட்டித் தள்ளிட்டேன், கை வேகத்தைக் காட்டறேன்னு. மறுநாள் அவர் சம்சாரம் ஓடி வந்து, "அவருக்கு இந்தக் கலரே பிடிக்கலையாம், உங்க மூஞ்சிக்காக சரின்னுட்டாராம்"ங்கறாங்க. வெட்டின துணியை என்ன பண்றது? அவர் அதைப் போட்டுக்கிட்டார், பாவம். அந்த நாள் முழுக்க முள்ளு மேல நிக்கிற மாதிரி நின்னார். நானும் அந்த விருந்துல இருந்தேன், எனக்குச் சாப்பாடே இறங்கலை.

அதுலேருந்து ஒரு வழக்கம். மேஜையில துணியை விரிச்சு, சாக்பீஸ்ல கோடு போட்டு, கத்திரியைக் கையில எடுத்ததும் போன். "உங்க துணி விரிச்சிருக்கேன். கத்திரி வைக்கட்டுமா?" "வைங்க"ன்னு காதால கேக்கணும். "ம்"னா செல்லாது. அந்த நிமிஷம் வரைக்கும் யார் வேணா மனசு மாத்திக்கலாம், துணியை மடிச்சுக் கொடுத்துடுவேன். ஒரு பல் டாக்டர் மூணு நாள் யோசிச்சார். என் வீட்டுக்காரி ஜாக்கெட்டுக்குக் கூட கேட்டுட்டுத்தான் வைக்கிறேன். கத்திரி வச்ச பிறகு வந்து கேக்குறவங்களுக்குத்தான் போர்டு. நீ போர்டைப் போட்டோ எடுத்தே, மேஜையை எடுக்கலை.

இன்னொண்ணு. உனக்குக் கோட்டு நான் தைக்கிறேன். கருநீலத்துல நல்ல துணி எடுத்தாச்சு. அளவு அனுப்பு. இடுப்புல பொய் சொல்லாதே.

தம்பி

~

ஏப்ரல் 8

என் தங்கமான தம்பி,

உன் கடுதாசியை நூலக வாசல்ல நின்னபடியே நாலு தடவை படிச்சேன். அப்புறம் மூணு மாடி ஏறி, மூச்சு வாங்க, அடிக்குறிப்பு அம்மா கதவைத் தட்டி, அங்கேயே மொழிபெயர்த்துச் சொன்னேன். "கொழுக்கட்டை"யை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன்.

அவங்க கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சாங்க. மூணு வருஷத்துல அவங்க கண்ணாடியைக் கழட்டி நான் பார்த்ததே இல்லை. "இதுதான் உன் அத்தியாயம்"னாங்க. "நீதிமன்றம் தெரியாதுன்னு சொன்ன இடத்துல, தெரியப்படுத்துன்னு சொல்றார் உன் தம்பி. செய்யத் தொடங்குமுன் கேட்கணும்னு ஒரு கடமையை வியாபாரி மேல வச்சா, உரிமையும் நிக்கும், குழப்பமும் இருக்காது."

தம்பி, மூணு வருஷமா எனக்கு ஏன் மனசு ஒப்பலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. பைத்தியம் மாதிரி எழுதிக்கிட்டிருக்கேன். சந்தோஷமா இருக்கேன். போர்டைப் பார்த்தேன், மேஜையைப் பார்க்கலை. இந்த வரியை உன் அனுமதியோட அத்தியாயத்துக்கு முதல் வரியா வைக்கலாமா? பார், கேக்குறேன்.

ஆனா "என் தம்பி சொன்னான்"னு எழுத முடியாது. உன் வாடிக்கைக்காரங்க ஒரு இருபது பேர்கிட்ட கேட்டு எழுதி வாங்கு: போன் வந்துதா, என்ன சொன்னாங்க, யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா.

அளவு தனித்தாள்ல இருக்கு. பக்கத்து அறையில மீன்பிடி உரிமைச் சட்டம் படிக்கிற பொண்ணு எடுத்தா. இடுப்பு உண்மையேதான்.

அக்கா

~

மே 2

அன்புள்ள அக்காவுக்கு (போட்டுட்டேன், பெருமைப்பட்டுக்காதே),

இருபது கேட்டே. நாப்பத்தியொண்ணு அனுப்பியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எல்லாம் தெருத் தெருவா அலைஞ்சேன். எல்லாருக்கும் ஒரே குஷி. "ஐரோப்பாவுல நம்ம பேர் வருமா"ன்னு கேட்டே கையெழுத்துப் போட்டாங்க. பஸ் டிரைவர் ஒருத்தர், "நான் பிரேக் போடுற நேரத்துல இவன் கூப்பிட்டுக் கேட்டான்"னு எழுதிக் கொடுத்திருக்கார். பல் டாக்டர் மூணு பக்கம். அந்த மூணு நாளும் தான் என்னென்ன யோசிச்சார்னு ஒண்ணு விடாம.

இருபத்திரெண்டு வருஷத்துல "வேண்டாம்"னு சொன்னவங்க எத்தனை பேர் தெரியுமா? பதினொண்ணே பேர். அதுல எட்டுப் பேர் அப்புறம் வேற துணியில தைச்சுக்கிட்டாங்க. உரிமையைக் கொடுத்தா ஊரே ஓடிடும்னு பயப்படுறாங்களே கடைக்காரங்க, அவங்களுக்கு இதைச் சொல்லு. பேங்க் அதிகாரியையும் கண்டுபிடிச்சேன். அந்தச் சாம்பல் கோட்டு இன்னும் பீரோவுல தொங்குதாம். அவருக்கு இப்பவும் அந்தக் கலர் பிடிக்கலை.

இடுப்பு அளவு பச்சைப் பொய். அந்த மீன்பிடிப் பொண்ணு டேப்பை இழுத்துப் பிடிச்சிருக்கா, இல்ல நீ மூச்சைப் பிடிச்சிருக்கே.

சரி. சம்பிரதாயத்துக்கு வரேன். உன் துணி விரிச்சிருக்கேன். கோடு போட்டாச்சு. கத்திரி வைக்கட்டுமா?

எழுத்துல பதில் வேணும். சட்டம் படிச்சவ ஆச்சே நீ.

தம்பி

~

ஜூன் 7

தம்பி,

ஒரு மாசமா பதில் போடலை. பேனா எடுத்தா வரலை.

அத்தியாயம் அடிக்குறிப்பு அம்மாவுக்குப் பிடிச்சுது. அதுக்கப்புறம் ஆய்வேட்டை மதிப்பிடற இரண்டாவது தேர்வாளருக்குப் போச்சு. பெரிய மனுஷர், ஒப்பீட்டுச் சட்டத்துல அவர் சொன்னா சொன்னதுதான். அவர் எழுதியிருக்கார்: "ஒரு தையல் கடையை வைத்து ஒரு கண்டத்துக்குச் சட்டம் எழுத முடியாது." நாகரிகமாத்தான் எழுதியிருக்கார், அதனால இன்னும் வலிக்குது. அவர் சொல்றதும் சரிதான். நாப்பத்தியொரு கையெழுத்தும் ஒரே கடை.

இன்னும் ஆறு வாரம். இந்த அறையில ஒரு மேஜை, ஒரு கட்டில், ஜன்னல்ல எதிர்வீட்டுச் சுவர். என்கூட உக்காந்திருக்கிற பிள்ளைங்களுக்கு இருபத்தியாறு வயசு. நான் கண்ணாடியைத் தேடுற நேரத்துல அவங்க ஒரு பக்கம் எழுதிடறாங்க. வேலையையும் விட்டுட்டு, உங்களையெல்லாம் விட்டுட்டு, என்ன சாதிச்சேன்?

படிப்புலேருந்து விலகிக்கற படிவம் வாங்கி நிரப்பிட்டேன். இருபதாம் தேதி கொடுக்கணும். வேடிக்கை பார், மனசு மாத்திக்கற உரிமையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவ கடைசியில அந்த உரிமையைத்தான் பயன்படுத்திக்கப் போறேன்.

துணியை மடிச்சு வச்சிடு. கத்திரி வைக்காதே.

அக்கா

~

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். போன்ல சொல்லத் தைரியம் இல்லை, எழுதறேன்.

முப்பத்தெட்டு நாளா உன் துணி மேஜையில விரிச்சபடி கிடக்கு. வர்றவங்க எல்லாம் "அக்கா பரீட்சை எப்போ, கோட்டு ஆச்சா"ங்கறாங்க. பல் டாக்டர் தினம் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போறார். உன் பதிலைக் காணோம். நீ ராப்பகலா எழுதிக்கிட்டிருப்பே, என் கடுதாசிக்கு நேரம் எங்கேன்னு நினைச்சுக்கிட்டேன். நீ ஜெயிக்கப் போறே, இதுல கேக்குறதுக்கு என்ன இருக்குன்னு தோணிச்சு. எனக்கு அதுல ஒரு துளி சந்தேகம் கூட வரலை அக்கா. இன்னிக்குக் காலையில கடையைத் திறந்தேன், துணியைத் தடவினேன், கத்திரி கையில இருந்துச்சு.

வெட்டிட்டேன்.

கேக்காம வெட்டினது இருபத்திரெண்டு வருஷத்துல இதான் முதல் தடவை. என் வீட்டுக்காரி, "உங்க அக்காகிட்டயே சட்டத்தை மீறிட்டீங்களே"ன்னு சிரிக்கிறா. திட்டணும்னா திட்டு. ஆனா துணி போயிடுச்சு, இனிமே நீ இதைப் போட்டே ஆகணும்.

தம்பி

~

ஜூன் 18

அட படுபாவி,

உன் கடுதாசி இன்னிக்குக் காலையில வந்துது. என் கடுதாசி அங்க இந்நேரம் வந்திருக்கும். அதைப் படிச்சுட்டு நீ தலையில கை வச்சு உக்காந்திருப்பே. எழுந்திரு. இதைப் படி.

"வெட்டிட்டேன்"ங்கற வார்த்தையைப் படிச்சதும் மாடிப்படியிலேயே உக்காந்துட்டேன். முதல்ல அழுதேன், அப்புறம் சிரிச்சேன், அப்புறம் ரெண்டும் சேர்ந்து வந்துது. மீன்பிடிப் பொண்ணு பயந்து தண்ணி கொண்டு வந்தா. ஊர்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டு வெட்டுறவன், எனக்கு மட்டும் கேக்காம வெட்டியிருக்கான். என் மேல எனக்கே இல்லாத நம்பிக்கை அவன் கத்திரிக்கு இருந்திருக்கு. இதுக்கு மேல ஒரு மனுஷிக்கு என்ன வேணும் சொல்லு.

படிவத்தை நாலாக் கிழிச்சுட்டேன்.

அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வெளியே கிளம்பினேன். ஒரு கடை போதாதுன்னுதானே சொன்னார் பெரிய மனுஷர்? இந்த ஊர்ல அளவு எடுத்துச் செய்யற கடையை எல்லாம் ஒண்ணொண்ணா ஏறி இறங்கினேன். மூக்குக் கண்ணாடி தேய்க்கிறவர், செருப்புத் தைக்கிறவர், படத்துக்கு மரச்சட்டம் போட்டுக் கொடுக்கிறவர், அலமாரி செய்யற அம்மா. ஒரே கேள்வி: "வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?" அந்த அலமாரி அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "போன் பண்ணுவேன், வேறென்ன பண்றது?"ன்னாங்க.

இன்னிக்கு மட்டும் நாலு கடை, தம்பி! நாளைக்கு இன்னும் போறேன். எந்தச் சட்டப் புத்தகத்துலயும் எழுதாத ஒண்ணை அவங்கவங்க மேஜையில அவங்களே செஞ்சுக்கிட்டிருக்காங்க.

திட்டு பாக்கி இருக்கு. என் ஆய்வேட்டுப்படி நீ குற்றவாளி. நேர்ல வந்து கவனிச்சுக்கறேன்.

அக்கா

~

ஜூலை 4

அக்கா,

உன் ஜூன் ஏழு கடுதாசி வந்த அன்னிலேருந்து அடுத்தது வர்ற வரைக்கும் நான் எப்படி இருந்தேன்னு கேக்காதே. கடை லீவு. வெட்டின துணியைப் போர்வை போட்டு மூடிட்டேன், போனையும் அணைச்சு வச்சுட்டேன். ரெண்டாவது கடுதாசி வந்ததும் நான் போட்ட கூச்சல்ல பக்கத்துக் கடைக்காரர் தீயோன்னு வாளியோட ஓடி வந்தார்.

கோட்டு பார்சல்ல வருது. போட்டுப் பார்க்க ஆள் இல்லாம தைச்சது, குறை இருந்தா அடிக்குறிப்பா நினைச்சுக்கோ. இடுப்புக்கு நீ கொடுத்த அளவை நான் மதிக்கலை. உள்பாக்கெட்டை முன்னாடியே துழாவாதே. எல்லாம் முடிஞ்ச பிறகு பாரு.

போர்டைக் கழட்டிட்டேன். புதுசுல என்ன எழுதறதுன்னு நீ வந்து சொல்லு.

தம்பி

~

நவம்பர் 21

என் அன்புத் தம்பிக்கு,

போன்ல "பாஸ்"னு கத்தினதும் நீ வச்சுட்டு ஊருக்குச் சொல்ல ஓடிட்டே. மீதியை இதுல கேளு.

நீள மேஜை. எதிர்ல அஞ்சு பேர். பெரிய மனுஷர் நடுவுல. ஒப்படைச்ச பிரதியில பதினாறு கடை இருந்துது. அவர் ஒவ்வொண்ணா விசாரிச்சார். பதில் சொன்னேன். கோட்டுக் கை விரலைத் தாண்டலை, தோள் எங்கேயும் பிடிக்கலை. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தும் இடுப்புல இறுக்கலை. ஒப்புக்கறேன், நான் கொடுத்த அளவு பொய்தான்.

கடைசியா அவர் குனிஞ்சு கேட்டார்: "உங்க தம்பி உண்மையிலேயே எப்பவும் கேட்பாரா? ஒரு தடவை கூடத் தவறினதில்லையா?"

சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. "ஒரே ஒரு தடவை தவறினார்"னேன். "அந்த வாடிக்கையாளர் என்ன செய்தார்?"னு கேட்டார். எழுந்து நின்னு, கோட்டைக் காட்டினேன்.

முதல்ல அடிக்குறிப்பு அம்மாதான் சிரிச்சாங்க. அப்புறம் அஞ்சு பேரும். பெரிய மனுஷர் எழுந்து மேஜையைச் சுத்தி வந்து, என் கைமடிப்பைத் தொட்டுப் பார்த்தார். "அளவு எடுக்க எவ்வளவு தூரம் வேணா வருவாரா?"ன்னார்.

முடிவு பண்றதுக்காக என்னை வெளியே நிக்க வச்சாங்க. அப்பத்தான் உள்பாக்கெட்டுல கை விட்டேன். எல்லாம் முடிஞ்ச பிறகுன்னு நீ சொன்னே, எனக்குப் பொறுக்கலை. நாலா மடிச்ச தாள். உன் கோணல் எழுத்து.

"உங்க துணி விரிச்சிருக்கேன். கத்திரி வைக்கட்டுமா?" அதுக்குக் கீழே ஒரு கோடு, கையெழுத்துப் போட.

நடந்து முடிஞ்ச காரியத்துக்கு அப்புறமா சம்மதம் கொடுக்கறதுக்குச் சட்டத்துல இடம் உண்டு. பின்னேற்புன்னு சொல்லுவோம். கொடுத்தா, முதல் நாளே சம்மதிச்ச மாதிரிதான் கணக்கு. அந்த வராந்தாவுல, சுவர்ல தாளை வச்சு, முடிவு தெரியறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டேன். கூட அனுப்பியிருக்கேன், புதுப் போர்டு எழுதற வரைக்கும் அந்த இடத்துல மாட்டி வை.

வை, தம்பி. கத்திரி வை.

இப்படிக்கு,
உன் வாடிக்கைக்காரி